சிவப்பு உறையில் 31 தட்டுகள்: எறிவதா, வைத்திருப்பதா?

கேள்வி: 2024 டிசம்பர் 11

கனடாவில் இருந்த சித்தப்பா இந்த ஆண்டு தவறிவிட்டார். அவருடைய பொருட்கள் ஒரு பெட்டியில் வெள்ளவத்தைக்கு வந்து சேர்ந்தன. உள்ளே சிவப்பு பிளாஸ்டிக் உறையில் 31 ஆங்கிலப் படத் தட்டுகள். மேலே ‘எச்டி டிவிடி’ என்று இருக்கிறது. வீட்டு டிவிடி பிளேயர் இவற்றை எடுக்கவில்லை. அண்ணனின் ப்ளூ-ரே பிளேயரும் எடுக்கவில்லை. இரண்டுமே நீல லேசர்தானே? தரம் குறைந்ததால்தானே இது ப்ளூ-ரேயிடம் தோற்றது? எறிந்துவிடு என்கிறார் அம்மா. சித்தப்பா ஏன் தோற்ற பக்கத்தில் காசைக் கொட்டினார் என்பதும் விளங்கவில்லை.

2024 டிசம்பர் 11, இரவு

தம்பி, எறிய வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.

டிவிடிக்குப் பிறகு, உயர்தரப் படத்துக்காக ஒன்றுக்கொன்று போட்டியாக வந்தவை எச்டி டிவிடியும் ப்ளூ-ரேயும். லேசர் ஒன்றுதான், இரண்டுக்கும் 405 நானோமீற்றர். வேறுபாடு ஆழத்தில் இருக்கிறது. எச்டி டிவிடியில் தகவல், சாதாரண டிவிடியைப் போலவே, 0.6 மில்லிமீற்றர் பிளாஸ்டிக்குக்குக் கீழே கிடக்கிறது. ப்ளூ-ரேயில் அது வெறும் 0.1 மில்லிமீற்றர். கிணற்றின் அடியில் கிடக்கும் காசையும் தண்ணீர் மேல் மிதக்கும் இலையையும் ஒரே கண்ணாடி போட்டுப் பார்க்க முடியாது. ப்ளூ-ரே லென்ஸ் தட்டுக்கு மிக அருகில் வந்து ஒளியை இன்னும் சிறிய புள்ளியாகக் குவிக்கிறது. அதனால் அங்கே ஓர் அடுக்குக்கு 25 கிகாபைட், இங்கே 15. ஈரடுக்கு என்றால் 50, 30.

உங்கள் தட்டுகளை வாசிக்க எச்டி டிவிடி பிளேயர்தான் வேண்டும். கொழும்பில் எவரிடமும் இருக்காது என்றே நினைக்கிறேன்.

2024 டிசம்பர் 12

‘தரம் குறைந்ததால் தோற்றது’ என்ற வரி இரவு முழுவதும் உறுத்தியது. படத்தின் தரத்தில் இரண்டும் ஒன்றுதான். இரண்டிலும் 1080 கோடுகள், இரண்டிலும் அதே மூன்று சுருக்க முறைகள். சொல்லப்போனால் தொடக்க கால ப்ளூ-ரே படங்கள் சில, 25 கிகாபைட் தட்டில் பழைய எம்பெக்-2 முறையில் அடைக்கப்பட்டு, எச்டி டிவிடியைவிட மங்கலாகத் தெரிந்தன. விலையும் எச்டி டிவிடிக்கே சாதகம். 2006 ஏப்ரலில் அமெரிக்காவில், எச்டி டிவிடி அணியை நடத்திய தொஷிபாவின் முதல் பிளேயர் 499 டொலர். இரண்டு மாதம் கழித்து வந்த சாம்சங்கின் ப்ளூ-ரே பிளேயர் 999. அன்றைய நாணய மாற்றில் ஒரு லட்சம் ரூபாவுக்கு மேல். பழைய டிவிடி தொழிற்சாலையிலேயே சிறிய மாற்றங்களோடு எச்டி டிவிடியை அச்சிடலாம் என்பது தொஷிபாவின் பெரிய வாதமாக இருந்தது.

பிறகு எப்படித் தோற்றது? ஒன்று, ப்ளூ-ரே அணியில் இருந்த சொனி 2006 நவம்பரில் விட்ட பிளேஸ்டேஷன் 3 விளையாட்டுப் பெட்டி. விளையாட்டுக்கு என்று வாங்கியவர்களின் வீட்டுக்குள் ப்ளூ-ரேயும் சேர்ந்தே நுழைந்துவிட்டது. மைக்ரோசொப்ட் தனது விளையாட்டுப் பெட்டியான எக்ஸ்பொக்ஸ் 360க்கு எச்டி டிவிடியைத் தனிப்பெட்டியாக 199 டொலருக்கு விற்றது. தனியாகக் காசு கேட்டால் யார் வாங்குவார்கள்? மற்றது, படக் கொம்பனிகள். 2007 ஆகஸ்டில் பரமவுண்ட் எச்டி டிவிடி பக்கம் சாய்ந்தபோது போர் இழுபறி என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். இரு பக்கமும் படம் விட்டுக்கொண்டிருந்த வார்னர், 2008 ஜனவரி 4ஆம் திகதி, இனி ப்ளூ-ரே மட்டுமே என்று அறிவித்தது. அடுத்த சில நாட்களில் லாஸ் வேகாஸ் கண்காட்சியில் நடக்கவிருந்த எச்டி டிவிடி அணியின் செய்தியாளர் சந்திப்பு இரத்தானது. பெப்ரவரியில் பெஸ்ட் பை கடைகள், அப்போது தட்டு வாடகைக்கு விட்ட நெட்பிளிக்ஸ், வோல்மார்ட் கடைகள் எல்லாம் வரிசையாக எச்டி டிவிடியைக் கைவிட்டன. பெப்ரவரி 19ஆம் திகதி தொஷிபா ஆயுதத்தைக் கீழே வைத்தது. கடைக்காரர்களும் படக்காரர்களும் பேசி முடித்த கல்யாணம் அது. மாப்பிள்ளையின் அழகைப் பற்றி அங்கே பேச்சே இல்லை.

இந்தப் போரில் கொழும்பு எந்தப் பக்கம் என்று கேட்டால், நாம் மைதானத்திலேயே இல்லை. 2007இல் காலி வீதி நடைபாதையில் ஒரு டிவிடியில் ஐந்து படம் அடைத்து விற்றுக்கொண்டிருந்தார்கள். ஐந்தாவது படத்தில் கதாநாயகனின் மூக்கு கட்டம் கட்டமாகத் தெரியும். எவரும் குறை சொன்னதில்லை. எங்கள் வீட்டில் இருந்தது 21 அங்குலப் பெட்டித் தொலைக்காட்சி. அதில் 1080 கோட்டை எங்கே வைப்பது?

2024 டிசம்பர் 15

‘தோற்ற பக்கம்’ என்று தம்பி எழுதியது இன்னும் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை வேறு. நீளமாகப் போகும்.

எங்கள் வீட்டுக்கு முதல் வீடியோ டெக் 1981இல் வந்தது. பெரிய மாமா குவைத்தில் இருந்து வந்தபோது கொண்டுவந்தார். பீட்டா, அன்று போட்டியிட்ட இரண்டு வீடியோ கசெட் வகைகளில் ஒன்று. மேலிருந்து கசெட்டை வைத்து அழுத்தும் வகை. மூடும்போது இரும்புப் பெட்டி பூட்டுவது போலச் சத்தம் கேட்கும். ரூபவாஹினி இன்னும் தொடங்கவில்லை, அது 1982 பெப்ரவரி. சுயாதீனத் தொலைக்காட்சி ஒன்றுதான். ஒழுங்கை முழுவதும் எங்கள் விறாந்தையில் உட்கார்ந்து படம் பார்த்தது. அப்பா வாசலில் நின்று செருப்புகளை வரிசைப்படுத்துவார்.

1982 முடிவதற்குள் ஒழுங்கையில் இன்னும் மூன்று டெக்குகள் வந்தன. மூன்றும் மற்ற வகை, விஎச்எஸ். ஒன்றின் கசெட் மற்றதில் ஓடாது. அப்பா ஒவ்வொரு வீட்டுக்கும் போய்ப் படத்தைப் பார்த்துவிட்டு வந்து, ‘நம்முடையதுதான் துப்புரவு’ என்பார். இருக்கலாம். ஆனால் அந்த மூன்று வீடுகளும் தங்களுக்குள் கசெட் மாற்றிக்கொண்டன. சனிக்கிழமை ஒரு வீட்டில் ஓடிய படம் ஞாயிற்றுக்கிழமை அடுத்த வீட்டில் ஓடியது. எங்கள் கசெட்டை வாங்க ஆளில்லை, எங்களுக்குத் தரவும் ஆளில்லை. வாடகைக் கடையில் பீட்டா கசெட் அடுக்கிய இடம் ஒரு சுவரில் இருந்து ஓர் அலுமாரிக்கும், அலுமாரியில் இருந்து ஒரு வரிசைக்கும் சுருங்கியது. கடைசியில் இருந்தவை ஆறோ ஏழோ படங்கள். அவற்றை நாங்கள் வசனத்தோடு மனப்பாடம் செய்திருந்தோம். விறாந்தையும் காலியானது. செருப்பு வரிசை பக்கத்து வீட்டு வாசலுக்கு மாறியதை அப்பா ஒருநாள் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்ததை நான் கண்டேன்.

1983 ஆடியில் வீட்டோடு அந்த டெக்கும் எரிந்தது. பக்கத்து வீட்டினதும்தான்.

டெக் வாங்குபவன் இயந்திரத்தை வாங்குவதாக நினைக்கிறான். அயலட்டையில் எவரெவருடன் கசெட் மாற்றலாம் என்பதைத்தான் அவன் உண்மையில் வாங்குகிறான். அந்தக் கணக்கில் அப்பா ஏமாந்தார்.

2024 டிசம்பர் 16

கொட்டாஞ்சேனையில் இருந்து ஒருவர் திருத்துகிறார்: பீட்டா தோற்றதற்குக் காரணம் கசெட்டின் நீளம், அதில் ஒரு மணித்தியாலமே பதியும், விஎச்எஸ்ஸில் இரண்டு. ஐயா, அது 1970களின் அமெரிக்கக் கதை. நம்மிடம் ஓடியது பால் (PAL) என்ற வேறு தொலைக்காட்சி முறை. அதில் எல்-750 என்ற பீட்டா கசெட் 195 நிமிடம் ஓடும். விஎச்எஸ்ஸின் ஈ-180, பெயரிலேயே இருக்கிறபடி, 180 நிமிடம். நம் நாட்டில் பீட்டாதான் நீளம். பாட்டு, சண்டை, இடைவேளை எல்லாம் சேர்ந்த முழுத் தமிழ்ப் படமும் அதற்குள் அடங்கும். அப்படியும் தோற்றது. நேற்று நான் சொன்ன கணக்குக்கு நீங்களே சாட்சி சேர்த்துவிட்டீர்கள்.

2024 டிசம்பர் 29

முதல் குறிப்பில் பிழை விட்டிருக்கிறேன். எல்லாத் தட்டுக்கும் எச்டி டிவிடி பிளேயர் வேண்டும் என்று எழுதினேன். தேவையில்லை. அந்தக் காலத்தில் ‘கொம்போ’ என்ற வகை வந்தது: ஒரு பக்கம் எச்டி டிவிடி, மறுபக்கம் சாதாரண டிவிடி. தட்டை எடுத்துப் பாருங்கள். படமோ பெரிய எழுத்தோ இல்லாமல் இரு பக்கமும் கண்ணாடி போல இருந்து, நடுவளையத்தில் மட்டும் பொடி எழுத்து இருந்தால் அது கொம்போ. நீங்கள் ஒரு பக்கத்தைப் போட்டுப் பார்த்துவிட்டு எடுத்திருப்பீர்கள். திருப்பிப் போடுங்கள்.

திருப்பிப் போட்டும் எடுக்காவிட்டால், அது வலயக் குறி, எந்த நாட்டுத் தட்டு எந்த நாட்டுப் பிளேயரில் ஓடலாம் என்ற பூட்டு. கனடாத் தட்டின் டிவிடிப் பக்கம் 1ஆம் வலயம். இலங்கை 5. இங்கே விற்ற மலிவுப் பிளேயர்கள் பல எதையும் கேட்காமல் ஓட்டும். நல்ல பெயருள்ள, விலை கூடிய பிளேயர்தான் கடவுச்சீட்டுக் கேட்கும்.

இந்த வலயத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லாமல் போக முடியாது. என் உடன்பிறப்புகளை எடுத்துக்கொள்ளுங்கள். அக்கா ரொறன்ரோ, டிவிடி வலயம் 1. தம்பி இலண்டன், 2. தங்கை மெல்பேர்ன், 4. நான் வெள்ளவத்தை, 5. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் நால்வருக்கு நான்கு வலயம். ஒருவர் வாங்கிய படத்தை மற்றவர் பார்க்கக்கூடாது என்று உட்கார்ந்து யோசித்து வரைந்தது போல இருக்கிறது அந்த வரைபடம். ப்ளூ-ரேயில் அதை மூன்றாகக் குறைத்தார்கள்: கனடா ஏ, இலண்டனும் மெல்பேர்னும் பி, நாம் சி. பெரிய சலுகை. ப்ளூ-ரேயில் வலயக் குறியே இல்லாமல் வந்த தட்டுகளும் நிறைய உண்டு, ஆனால் வாங்கும்போது அது எவருக்குத் தெரியும்?

எச்டி டிவிடியில் வலயமே கிடையாது. ரொறன்ரோவில் வாங்கியது வெள்ளவத்தையிலும் ஓடும், மெல்பேர்னிலும் ஓடும். சிதறிப்போன நம்மைப் போன்ற குடும்பங்களுக்கு ஏற்ற ஒன்று இருந்தது என்றால் அது இதுதான், தோற்றதும் இதுதான்.

நமக்கு ஏற்ற இன்னொன்றும் இருந்தது, விசிடி என்ற வீடியோ சிடி. அதிலும் வலயம் இல்லை, பூட்டு இல்லை. படம் 352க்கு 288 புள்ளிதான், ஒரு தட்டில் ஒன்றேகால் மணித்தியாலம் அளவில், ஒரு தமிழ்ப் படத்துக்கு இரண்டு தட்டு, சில படத்துக்கு மூன்று. மூன்றாவது தட்டு எப்போதும் கீறல் விழுந்தே இருக்கும். கொலைகாரன் யார் என்று தெரியாமலே எத்தனை படம் பார்த்திருப்போம்! அமெரிக்கர்கள் அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. கொழும்பு வீடுகளில் பல ஆண்டுகள் அதுதான் ராஜா.

2025 ஜனவரி 14

பொங்கல் பொங்கிவிட்டது, இனி சண்டை போடலாம். ‘தட்டு’ என்று எழுதுகிறீர்களே, ‘இறுவட்டு’ என்ற நல்ல தமிழ்ச் சொல் இருக்கிறதே என்று ஒருவர். ‘இறுவெட்டு’தான் சரி என்று இன்னொருவர். வட்டா வெட்டா என்று இவர்கள் முடிவு செய்வதற்குள் அந்தப் பொருளே அருங்காட்சியகத்துக்குப் போய்விடும். நான் சோறு போட்டுச் சாப்பிடுவதையும் தட்டு என்கிறேன், படம் போட்டுப் பார்ப்பதையும் தட்டு என்கிறேன்.

2025 ஜனவரி 24

‘சொனி ப்ளூ-ரேயை நிறுத்துகிறது, வென்றவனும் செத்தான்’ என்று காலையில் இருந்து எனக்கு நான்கு பேர் அனுப்பிவிட்டார்கள். செய்தியை முழுவதும் வாசியுங்கள். பெப்ரவரியோடு சொனி நிறுத்துவது பதிவு செய்யும் வெற்றுத் தட்டுகளை. பாட்டுப் பதியும் மினிடிஸ்க்கும் வீடியோ கமராவுக்கான மினிடிவி (MiniDV) கசெட்டும் அவற்றோடு போகின்றன. படம் அச்சிட்டு வரும் ப்ளூ-ரே தொடர்கிறது. ஆனால் பிளேயர் செய்பவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொள்கிறார்கள் என்பது உண்மை. ஒப்போ 2018இல் விலகியது, சாம்சங் 2019இல் அமெரிக்காவுக்குப் புதிய பிளேயர் செய்வதை நிறுத்தியது, எல்ஜியும் நிறுத்துகிறது என்று போன மாதம் செய்தி வந்தது.

தொஷிபா 2009இலேயே ப்ளூ-ரே அணியில் சேர்ந்துவிட்டது என்பதையும் இங்கே போட்டு வைக்கிறேன். பீட்டாவைக் கொண்டுவந்த சொனியும் 1988இல் விஎச்எஸ் டெக் செய்யத் தொடங்கியதுதான். தோற்றவர்கள் மறுநாள் வென்றவரின் கடையிலேயே வேலைக்குச் சேர்ந்துவிடுகிறார்கள். வாங்கியவன்தான் பெட்டியோடு நிற்கிறான்.

1995இல் இப்படி ஒரு போர் மூளாமலே தணிந்தது. சொனியும் பிலிப்ஸும் ஒரு பக்கம், தொஷிபாவும் டைம் வார்னரும் மறுபக்கம் நின்றபோது, ஐபிஎம் தலைமையில் கணினிக்காரர்கள் கையைப் பிடித்து உட்கார வைத்தார்கள். அப்படிப் பிறந்ததுதான் டிவிடி. 2005இல் ப்ளூ-ரேக்கும் எச்டி டிவிடிக்கும் நடுவில் மறுபடி பேசினார்கள், தட்டின் ஆழத்தில் அந்த 0.1க்கும் 0.6க்கும் நடுவில் இறங்கிவர ஒருவருக்கும் மனமில்லை.

2025 பெப்ரவரி 2

ஒன்றைச் சொல்ல வேண்டும். இரண்டு மாதமாகத் தள்ளிப்போட்டேன்.

‘கொழும்பில் எவரிடமும் இருக்காது’, ‘நாம் மைதானத்திலேயே இல்லை’ என்றெல்லாம் எழுதினேன் அல்லவா? என் அலுமாரியின் மேல் ஓர் எச்டி டிவிடி பிளேயர் இருக்கிறது. 2008 ஜூலையில் அக்காவின் மகன் கோயில் திருவிழாவுக்கு வந்தபோது கொண்டுவந்தான். அப்போது போர் முடிந்து ஐந்து மாதம். தோற்றது என்று தெரிந்தே காசு கொடுத்தேன். பீட்டா வாங்கிய அப்பாவுக்காவது தெரியாது.

ஏன் வாங்கினேன்? மலிவு என்று அவன் சொன்னான், நானும் மலிவு என்று மனைவியிடம் சொன்னேன். இப்போது யோசித்தால், அப்பாவின் பக்கம் நிற்க ஒருமுறை ஆசைப்பட்டிருக்கிறேன் போலும். அல்லது இது இப்போது எழுதும்போது வருகிற நியாயமோ, தெரியவில்லை.

வந்த அன்றே பின்பக்கத்தில் 120 வோல்ட் என்று இருந்ததை வாசிக்காமல் நேரே 230இல் செருகினேன். பட்டென்று ஒரு சத்தம், வெள்ளிப்பட்டாசு வாசம். 1990களில் மாலை நேரங்களில் டெக் திருத்தும் கடையில் வேலை செய்தவன் நான் என்பதையும் இங்கே சொல்லி வைக்க வேண்டும். நல்லவேளை, பியூசும் பக்கத்தில் ஒரு சிறு பாகமும்தான் போயிருந்தன. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் அதற்கு இணையான பாகம் கிடைத்தது. அக்கா அனுப்பிய மிக்சிக்காக வாங்கிய மின்மாற்றி வீட்டில் இருந்தது. அதில் கொடுத்து, பழைய தரத்தை மட்டுமே கடத்தும் மஞ்சள் வயரால் 21 அங்குலப் பெட்டித் தொலைக்காட்சியில் பார்த்தேன். உயர்தரப் போரின் ஆயுதத்தை மஞ்சள் வயரில் பார்த்தவன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். விசிடிக்கும் அதற்கும் வேறுபாடு தெரிந்தது. டிவிடிக்கும் அதற்கும் தெரியவில்லை. இரண்டு தட்டுகள்தான் கூட வந்தன. நான்கு தடவை பார்த்தேன், பிறகு மேலே வைத்துவிட்டேன்.

இன்று இறக்கினேன். கடலில் இருந்து மூன்றாவது தொடர்மாடியில் பதினாறு ஆண்டு உப்புக்காற்று. பின்பக்கத் துளைகள் பச்சை பூத்திருக்கின்றன. தட்டு வெளியே வரும் பெல்ட் களியாகிவிட்டது. லென்ஸைத் துடைத்தேன். பெல்ட்டுக்கு ரப்பர் வளையம் போட்டிருக்கிறேன்.

2025 பெப்ரவரி 9, மாலை (போனில் இருந்து)

ஓடியது! பதினொன்றரை மணி வரை. அதன் பிறகு நாடே இருண்டது உங்களுக்குத் தெரியும். பாணந்துறை மின் உபநிலையத்தில் குரங்கு ஒன்று கைவைத்ததாம். பீட்டாவை அயலட்டை கொன்றது, எச்டி டிவிடியை வார்னர் கொன்றது, என் பரிசோதனையைக் குரங்கு கொன்றது. தட்டு உள்ளே மாட்டிக்கொண்டிருக்கிறது. இந்த மாதிரியில் ஊசி விட்டுத் திறக்கும் துளையும் இல்லை.

2025 பெப்ரவரி 10

மின்சாரம் வந்தது, தட்டும் வந்தது. இன்றும் மின்வெட்டு என்றார்கள், அதனால் மீண்டும் போடவில்லை. 2022இல் நாளுக்கு 13 மணித்தியாலம் இருந்ததை நினைத்தால் ஒன்றரை மணி நேரம் பெரிதில்லை, ஆனால் இந்தக் கிழவனுக்கு மறுபடி அதிர்ச்சி கொடுக்க மனமில்லை. தம்பி, ஞாயிற்றுக்கிழமை 31ஐயும் கொண்டு வாருங்கள். லிப்ட் பழுது, நான்காம் மாடி.

2025 பெப்ரவரி 16

காலை ஒன்பதில் இருந்து மாலை ஆறு வரை, ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தோம். இம்முறை எச்டிஎம்ஐ வயரில், 43 அங்குலத் திரையில். பிளேயர் விழித்தெழ ஒரு நிமிடம் எடுக்கிறது. ஒவ்வொரு முறையும் ‘செத்துவிட்டதா?’ என்று தம்பி கேட்டார்.

31இல் ஒன்பது கொம்போ. அவற்றை அவர் இனி வீட்டிலேயே பார்க்கலாம், வலயம் கேட்காத பழைய பிளேயர் ஒன்றைக் கொடுத்திருக்கிறேன். மிச்சம் 22இல் 18 சுத்தமாக ஓடின. மூன்று, படத்தின் நடுவில் முதல் அடுக்கில் இருந்து இரண்டாம் அடுக்குக்கு மாறும் இடத்தில் உறைந்து நின்றன. ஒன்றைப் பிளேயர் தட்டென்றே ஒப்புக்கொள்ளவில்லை. வெளிச்சத்தில் பிடித்தால் ஓரத்தில் பழுப்பு. ஓடியவற்றின் படத்தைப் பற்றி ஒரு வார்த்தை: அண்ணனின் ப்ளூ-ரே பிளேயரையும் அவர் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தோம். எது எது என்று சொல்லச் சொல்லி என் மனைவியைக் கேட்டோம். ‘சத்தத்தைக் குறையுங்கள்’ என்றார்.

சித்தப்பா ஏன் தோற்ற பக்கத்தில் காசைக் கொட்டினார் என்ற கேள்விக்கும் விடை கிடைத்தது. உறைகளின் பின்பக்கத்தில் விலைச்சீட்டுகள் அப்படியே இருக்கின்றன. பழைய விலையைச் சிவப்பு மையால் வெட்டி 4.99, 3.99, இரண்டில் 1.99. ஓர் உறைக்குள் பற்றுச்சீட்டும் இருந்தது: 2008 மே. போர் முடிந்த பிறகு, குவித்துப் போட்டு விற்ற இடத்தில், 31 படத்தை ஒரு குடும்பம் ஒருநாள் கடையில் சாப்பிடும் காசுக்கு அள்ளிக்கொண்டு வந்திருக்கிறார். தம்பி வெகுநேரம் சிரித்தார். பிறகு அந்தப் பற்றுச்சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

பிளேயரையும் அவரே எடுத்துச் சென்றார். மின்மாற்றியையும் சேர்த்துக் கொடுத்துவிட்டேன். வியாழக்கிழமைக்குள் அதை மட்டும் திருப்பித் தர வேண்டும், மிக்சி ஓடவில்லை என்று வீட்டில் சொல்லத் தொடங்கிவிட்டார்கள்.